பன்னும் பந்தியும்

நாட்டு நடப்பையும் மொழி வளர்ச்சியையும் பற்றி எழுதுவதற்கு அறிஞர் பலர் உளர். நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருளோ ஒரு கைக்குள் அடங்குவது, விலையால் அற்பமானது, உண்டு முடித்தபின் உதட்டில் ஒட்டிய இரண்டு தேங்காய்த் துருவலைத் தவிர வேறு சாட்சி எதையும் விட்டுச் செல்லாதது. இனிப்புப் பன்னைத்தான் சொல்லுகிறோம். பன்னுக்கும் ஒரு கட்டுரையா என்று நேயர்களுள் சிலர் நகைக்கலாம். நகைப்பவர் நகைக்க. அதிரசத்தையும் பணியாரத்தையும் பற்றி எழுதினால் ‘நமது பண்பாடு’ என்று தலையசைக்கும் பெரியவர்கள், பன் என்றவுடன் ‘அந்நியப் பண்டம்’ என்று முகஞ்சுளிப்பது நமக்கு நெடுநாளாக வியப்பளித்து வந்திருக்கிறது. அதிரசத்தின் பெருமையைக் குறைக்க நாம் வரவில்லை. ஆனால், அதிரசம் நம்மைப் பார்த்துக் கேட்ட கேள்விகளைப் பன் ஒருநாளும் கேட்டதில்லை. அதையே எழுத விரும்புகிறோம்.

நமது பலகாரங்களுக்கு நாள் உண்டு, வீடு உண்டு, கை உண்டு. இன்ன பண்டிகைக்கு இன்ன பண்டம் என்பது ஒருபுறமிருக்க, அது இன்ன வீட்டு அடுப்பில் இன்னார் கையால் ஆகவேண்டும். இன்னார் வீட்டுப் பலகாரத்தை இன்னார் வாங்கலாம், இன்னார் வாங்கினாலும் உண்ணலாகாது என்ற கணக்கு, பாகின் பதம் பார்க்கும் கணக்கைவிட நுட்பமாகப் போற்றப்பட்டு வந்தது. அரிசி ஒன்றே, வெல்லம் ஒன்றே, நெய்யும் ஒன்றே; ஆயினும் சமைத்த கையையும் உண்ணும் வாயையும் பொறுத்து அது தூயதாகவோ தீட்டாகவோ ஆயிற்று. தென்னாட்டு இரயில் நிலையங்களில் பார்ப்பனருக்கு வேறு, ஏனையோருக்கு வேறு என்று உணவறைகள் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. சுயமரியாதை இயக்கத்தார் நெடுங்காலம் கண்டித்து வந்தபின் 1941ஆம் ஆண்டிலேதான் அப்பிரிவு ஒழிந்தது. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைக்கும் கொடுமை அதன் பின்னரும் பல சிற்றூர்களில் தொடர்ந்தது. ஒரே வண்டியில் நெருக்கியடித்து உட்கார்ந்து வந்தவர்கள், இறங்கியதும் இட்டலிக்காக இரண்டு வாயில்களில் நுழைந்தார்கள் என்றால் அந்த இட்டலியை என்னென்பது!

இத்தகைய சமூகத்தில் ரொட்டிக்கு எத்தகைய வரவேற்பு இருந்திருக்கும் என்பதை நேயர்கள் தாமே உய்த்துணரலாம். யாரோ பிசைந்தது, எங்கோ வெந்தது, எவரோ சுமந்து வந்தது. வங்காளத்தில் 19ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்த இளைஞர்கள், சாதிக் கட்டை உதறிவிட்டோம் என்று உலகுக்கு அறிவிக்க விரும்பியபோது, வாயால் பேசியதோடு நில்லாமல், பிற மதத்தார் சுட்ட ரொட்டியையும் பிஸ்கோத்தையும் பலரறிய உண்டு காட்டினார்கள். ஒரு துண்டு ரொட்டி ஒரு சொற்பொழிவின் வேலையைச் செய்த காலம் அது. காலம் செய்யும் வேடிக்கையையும் பாருங்கள்: 1898ஆம் ஆண்டில் பெங்களூரில் ஐயங்கார் குடும்பம் ஒன்று ரொட்டிக்கடை வைத்தது. இன்று ‘ஐயங்கார் பேக்கரி’ என்னும் பலகை கருநாடகத்திலும் தமிழ்நாட்டிலும் எத்தனையோ தெருக்களில் தொங்குகிறது. அங்கே விற்கும் தேங்காய்ப் பன் சுவையானதுதான். அதில் நமக்கு வழக்கில்லை. ஆசாரத்துக்கு ஆகாதென்று ஒதுக்கப்பட்ட பண்டத்துக்குச் சாதிப் பட்டமே விளம்பரமாக வாய்த்ததே, அதைத்தான் சொல்லுகிறோம்.

பன் என்பது ரொட்டிக் குடும்பத்தின் செல்லப் பிள்ளை. கோதுமை மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் என்னும் புளிப்பு ஆகிய நான்கோடு நின்றால் ரொட்டி. அவற்றோடு சர்க்கரையும் வெண்ணெயும் பாலும் முட்டையும் கூடினால் பன். மாவைப் பொங்கச் செய்யும் அந்த ஈஸ்டைத் தனியே வளர்த்துக் கட்டியாக்கி விற்கும் தொழில் 19ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. அதற்கு முன்னர் ரொட்டி சுடுவோர் பலர் தத்தம் நாட்டு மதுவிடமே கடன் வாங்கினர். ஆங்கிலேயர் பார்லி மதுவின் நுரையை எடுத்து மாவில் இட்டனர். கோவாவிலும் இலங்கையிலும் போர்த்துகேசியரிடம் தொழில் கற்றவர்கள் கள்ளை ஊற்றினர். நமது ஆப்ப மாவிலும் கள் சேர்க்கும் வழக்கம் உண்டன்றோ? கள்ளின்மேல் நமக்குள்ள பகைமையை நேயர்கள் அறிவார்கள். தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடையைத் திறந்து வைத்து, ஒரு கையால் கொடுத்த கூலியை மறு கையால் திரும்பப் பறித்த அநியாயத்தை எத்தனை முறை எழுதினாலும் தகும். எனினும் நீதி நீதியே: குடித்தவனை வீழ்த்திய கள், பிசைந்த மாவை எழுப்பியது.

இங்கிலாந்தில் பன்னுக்கும் ஒருகால் நாள் குறித்தார்கள். முதலாம் எலிசபெத் அரசியின் காலத்தில், 1592ஆம் ஆண்டில், வாசனைப் பொருளிட்ட பன்களைப் பெரிய வெள்ளியன்றும், கிறிஸ்துமஸ் நாளிலும், சவ அடக்கத்தின் போதும் அன்றி வேறு நாட்களில் விற்கலாகாது என்று இலண்டன் அங்காடி அதிகாரி ஆணையிட்டார். மீறிச் சுட்ட பன்கள் பறிக்கப்பட்டு ஏழைகளுக்கு வழங்கப்படுமாம். அந்த ஆணை அடிக்கடி மீறப்படவேண்டும் என்று ஏழைகள் வேண்டிக்கொண்டிருப்பார்கள் என்பது நமது ஊகம். பண்டம் எங்கே கேட்டது? 1851ஆம் ஆண்டில் இலண்டனில் நடந்த பெருங்கண்காட்சிக்குள் மது விற்கத் தடை இருந்தது. அங்கே பாத் நகரத்தின் பெயர் கொண்ட இனிப்புப் பன் மட்டும் 9 இலட்சத்துக்கு மேல் விற்றது. பிரபுக்களோடு தொழிலாளரும் திரண்டு வந்து கண்ட கண்காட்சி அது.

சப்பானியர் கதை இதனினும் இனிது. 1868ஆம் ஆண்டு மாறுதலுக்குப் பின் அந்நாட்டில் வாளேந்திய சாமுராய் வகுப்பார் தம் பழைய நிலையை இழந்தனர். அவ்வகுப்பிற் பிறந்த கிமுரா யசுபெய் என்பவர் டோக்கியோவில் ரொட்டிக்கடை வைத்தார். மேனாட்டு ரொட்டி தம் மக்கள் நாவுக்கு ஒட்டவில்லை என்று கண்ட அவர், அரிசி மதுவின் புளிப்பை இட்டு மாவைப் பொங்கவைத்து, உள்ளே இனிப்புப் பயற்றம் பூரணத்தை அடைத்து 1874ஆம் ஆண்டில் விற்கத் தொடங்கினார். மறு ஆண்டே அது மெய்ஜி சக்கரவர்த்தியின் மேசைக்குச் சென்றது. வாள் போனதற்கு அழுதுகொண்டிராமல் மாவைப் பிசைந்த அந்தக் கையை நாம் மதிக்கிறோம்.

பெயர்களும் ஊர் சுற்றியவையே. ரொட்டியைக் குறிக்கும் போர்த்துகேசியச் சொல்லே மும்பையில் ‘பாவ்’ ஆயிற்று. இலங்கைத் தமிழர் வாயில் ‘பாண்’ ஆயிற்று. திரங்கானு மலாய்க்காரரிடம் ‘பாவுங்’ என்ற இனிப்புப் பன்னாயிற்று. ஆங்கிலேயர் பன்மையிற் சொன்ன ‘பன்ஸ்’ என்பதை ஈழத்தவர் ‘பணிஸ்’ என்று ஏற்று, ஒன்றே ஒன்று இருந்தாலும் பணிஸ் என்றே வழங்குகின்றனர். ஒன்று வாங்கினாலும் பல கிடைத்த மகிழ்ச்சி போலும்!

நிற்க. நமது நாட்டுக்கு வருவோம். கோதுமை இந்த மண்ணில் விளைவதில்லை. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளிலிருந்து கப்பலேறி வந்தால்தான் உண்டு. பன்னை இங்கே வளர்த்தவர்களுள் முதன்மையானோர், நம்மவர் ‘ஐலாம்’ என்று அழைக்கும் ஹைனான் தீவுச் சீனர். ஹொக்கியன், தியோச்சூ, காண்டனீயர் ஆகிய பிற சீனருக்குப் பிந்தி வந்தவர்கள் இவர்கள். நல்ல வாணிபங்களெல்லாம் முன்வந்தவர்கள் கைக்குப் போய்விட்டமையால், வெள்ளைக்காரத் துரைமார் வீடுகளிலும் கப்பல்களிலும் ஓட்டல்களிலும் சமையற்காரராகவும் பணியாளராகவும் அமர்ந்தனர். அங்கே கற்ற வித்தையைக் கொண்டு பிறகு தாமே கோப்பிக்கடைகளும் ரொட்டிச் சாலைகளும் வைத்தனர். துரை வீட்டு மேசையில் இருந்த பன்னைத் தெருவுக்கு இறக்கிக் கொடுத்தவர்கள் அவர்களே. கொடுத்தபோது அதன் உள்ளத்தையும் மாற்றினார்கள். சீமை உலர்திராட்சை இருந்த இடத்தில் தேங்காய்த் துருவலும் மலாக்காச் சர்க்கரையும் புகுந்தன, பயறு புகுந்தது, தேங்காய்ப்பாலும் முட்டையும் சீனியும் ரம்பை இலையின் மணமும் சேர்ந்து கிண்டிய ‘காயா’ புகுந்தது. இவ்வாறு உருவான பண்டத்தை அந்நியம் என்பவர், தேங்காய் எந்த நாட்டுடையது என்பதை நமக்குச் சொல்லவேண்டும்.

சுட்டவர் ஐலாம் சீனர் என்றால் சுமந்தவருள் பலர் நம்மவர். தமிழ் முஸ்லிம்கள் தகரப் பெட்டியைச் சைக்கிளின் பின்னே கட்டிக்கொண்டு ஊர் ஊராகவும் தோட்டந் தோட்டமாகவும் ரொட்டி விற்றனர். பினாங்கில் அவர்கள் ரொட்டிச் சாலையே நடத்தினர். அங்கே புகழ்பெற்ற ‘ரொட்டி பெங்காலி’ என்பதன் பெயர், பங்கு சேர்ந்து தொழில் நடத்தியவர்களைக் குறிக்கும் ‘பங்காளி’ என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபே என்று கூறுவாரும் உளர். அது மெய்யாயிருக்கவேண்டும் என்று நமது மனம் விரும்புகிறது. சைக்கிள் என்றவுடன் மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. 1941ஆம் ஆண்டில் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடும் கள்ளுக்கடை மூடுவதோடும் சேர்த்து, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கவேண்டும் என்ற இழிவை ஒழிக்கவேண்டும் என்றும் கேட்டார்கள். அந்தச் சைக்கிளில்தான் பன்னும் வந்தது.

பன் காலையில் கிடைக்கவேண்டுமானால் ஒருவர் இரவில் விழித்திருக்கவேண்டும். சர்க்கரை மிகுந்த மாவு விரைவிற் பொங்காது. சர்க்கரை நீரைத் தன்பால் இழுத்துக்கொள்வதால் ஈஸ்டின் வேலை தாமதப்படும். ஆகவே சாதாரண ரொட்டியைவிடப் பன்னுக்குப் பொறுமை அதிகம் வேண்டும். மாலையிற் பிசைந்து, பொங்கவிட்டு, மீண்டும் அடக்கி, உருட்டிப் பூரணம் வைத்து, மறுபடியும் பொங்கவிட்டு, மேலே முட்டை பூசி, நள்ளிரவுக்குப் பின் அடுப்பில் தள்ளுவார்கள். அந்த முட்டைதான் பன்னின் தலைக்கு அந்த மினுமினுப்பைக் கொடுப்பது. பழைய அடுப்புகளுள் பாலற்றுப்போன கித்தா மரத்தின் விறகை எரித்தவையும் உண்டு. நமது பெற்றோர் விடியற்காலையில் பிரட்டுக்கு நின்று, மங்கு மங்காகப் பால் எடுத்த மரம், தன் வாழ்நாள் முடிந்தபின் நமக்குப் பன் சுட்டுக் கொடுத்தது என்று எண்ணும்போது அந்த மரத்துக்கு ஒரு கும்பிடு போடத் தோன்றுகிறது. அடுப்பின் முன் வெந்துகொண்டிருந்த மனிதனுக்கும் ஒன்று போடலாம்.

1942ஆம் ஆண்டு முதல் 1945 வரையில் சப்பானியர் ஆட்சியில் கோதுமை மாவு மறைந்தது. மரவள்ளிக் கிழங்கு மாவில் ரொட்டி செய்தார்கள். அதை உண்டவர்கள் ‘ரப்பரைச் சுட்டுத் தின்றது போல் இருந்தது’ என்று நம்மிடம் சொன்னதுண்டு. ரப்பரைப் பற்றி அவர்களுக்குத் தெரியாததா!

நாம் வளர்ந்த தோட்டத்தின் பெயர் ஈண்டு வேண்டா. அங்கே ஆண்டுதோறும் மாரியம்மன் திருவிழா நடக்கும். மூன்றாம் நாள் அன்னதானம். எல்லா வீட்டிலும் சம்பளத்தில் ஒரேயளவு வரி பிடித்துத்தான் அரிசி வாங்குவார்கள். ஆனால் பந்தி ஒரேயளவாயிராது. முதற்பந்தி கொட்டகைக்குள் கங்காணி வீட்டாருக்கும் ‘பெரிய வீடு’ என்று தம்மைச் சொல்லிக்கொண்டவர்களுக்கும். இரண்டாம் பந்தி நடுத்தரத்தாருக்கு. கடைசி லயத்தார் இலை கோயிலுக்குப் பின்புறம் வெறுந்தரையில் விழும். நமது இலை அங்கேதான் விழுந்தது. ஓர் ஆண்டு, நாம் உட்காரும்போது பாயசம் தீர்ந்துவிட்டது. பரிமாறியவர் வாளியைச் சாய்த்து அடியைக் காட்டினார். அதில் ஒரு முந்திரிப் பருப்பு ஒட்டிக்கொண்டிருந்ததை இன்றும் நாம் காண்கிறோம். நமது தாயார் ஒன்றும் சொல்லவில்லை. சோற்றில் மோர் ஊற்றிப் பிசைந்து கொடுத்தார்.

மறுநாள் பிற்பகல் ரொட்டிக்கார பாயின் ஊதுகுழல் கேட்டது. கடைசி லயத்திலிருந்து ஓடியும் முதலில் போய் நின்றவர் நாம்தான். காலில் அவ்வளவு வேகம் இருந்தது. பத்துக் காசுக்கு ஒரு தேங்காய்ப் பன். பாய் மூடியைத் திறந்தவுடன் எழுந்த அந்த வாசனையை எழுத்தில் வடிக்க நமக்கு ஆற்றல் இல்லை. பின்னால் பெரிய வீட்டுக் கிழவியார் இரண்டு பேரப்பிள்ளைகளோடு வந்து நின்றார்.

“ஏன் பாய், பெரியவங்க நிக்கிறோம், அந்தப் புள்ளைக்கு முன்னால குடுக்குறியே?”

“முன்னால வந்துச்சு ஆத்தா, முன்னால குடுத்தேன்.”

கிழவியார் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். “ஆமா, இதை யாரு பிசைஞ்சது?”

“ஐலாம் சீனன் பிசைஞ்சான். நெருப்பு சுட்டுச்சு. நான் தூக்கிட்டு வந்தேன். உங்களுக்கு எத்தனை வேணும், ஆத்தா?”

கிழவியார் சிறிது யோசித்தார். “நெருப்புல வெந்ததுக்குத் தீட்டு ஏது?” என்று தாமே ஒரு தீர்ப்புக் கூறிக்கொண்டு இரண்டு வாங்கினார். முந்தின நாள் பாயசம் எதில் வெந்தது என்பதை அவர் கூறவில்லை. நாமும் கேட்கும் வயதில் இல்லை. நாமும் அவருடைய பேரப்பிள்ளைகளும் அந்தப் பன்னை ஒரே மரத்தடியில் நின்று தின்றோம். பன்னுக்குப் பந்தி கிடையாது. இலை கிடையாது, ஆதலால் முதல் இலை, கடைசி இலை என்பதும் கிடையாது. நின்றுகொண்டு தின்னும் பண்டத்தில் யாரை எங்கே உட்காரவைப்பது என்ற கேள்விக்கு இடமேது? ஒரு பன் சாதியை ஒழித்துவிட்டது என்று நாம் சொல்லவில்லை. அடுத்த ஆண்டுத் திருவிழாவிலும் நமது இலை பின்புறத்தில்தான் விழுந்தது. ஆனால் அந்த ஆண்டு நமது அண்ணன் கோயிற்குழுவினரிடம், “ரொட்டிப் பெட்டிக்கு முன்னாடி வரிசையா நிக்கிற நாம, சோத்துக்கு முன்னாடி மட்டும் ஏன் பிரிஞ்சு உட்காரணும்?” என்று கேட்டார். விடை சொல்ல ஒருவருக்கும் நா எழவில்லை. அந்தக் கேள்விக்குப் பின் மூன்று ஆண்டு வழக்காடியே கொட்டகைக்குள் எல்லாருக்கும் இலை விழுந்தது.

அந்தத் தோட்டம் துண்டாடப்பட்டு, லயங்கள் இடிக்கப்பட்டு, நம்மவர்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்கும் தாமான்களுக்கும் போய்ச் சேர்ந்தார்கள். ரொட்டிக்காரர் சைக்கிளை விட்டு மோட்டார் சைக்கிளுக்கு மாறி, நெகிழிப் பைகளை இருபுறமும் தொங்கவிட்டுக்கொண்டு தாமான்களுக்குள்ளும் வந்தார். 1998ஆம் ஆண்டில் புக்கிட் மெர்தாஜாமில் கோப்பி மணக்கும் பன்னை விற்கத் தொடங்கிய கடையொன்று பிற நாடுகளிலும் கிளை விரித்தது. ‘ரொட்டிபாய்’ என்று அதன் பெயரைத் தமிழில் எழுதினால், நமது பாயே கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்பது போல் தோன்றுகிறது! பை பையாகக் கட்டிய பன்கள் எந்தக் கடையிலும் எந்நேரமும் கிடைக்கின்றன. இங்குதான் ஒரு கசப்பையும் சொல்லவேண்டியிருக்கிறது. 2019ஆம் ஆண்டில் மலேசிய அரசாங்கம் எடுத்த சுகாதாரக் கணக்கில், வயது வந்தோருள் 100க்கு 18 பேருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியருள் மட்டும் அது 100க்கு 31 அளவில் இருந்தது. அதற்குப் பன் ஒன்றே காரணம் என்பது அறியாமை. தேநீரில் ஊற்றும் கட்டிப்பாலும், ஓயாத சோறும், உடலுழைப்பு ஒழிந்ததும் அதில் பங்காளிகளே. மைல் கணக்காக மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டிய உடம்பு வாரத்துக்கொரு பன் தின்றது வேறு. நாற்காலியிலேயே நாள் கழிக்கும் உடம்பு ஒரு பையைப் பிரித்து வைத்துக்கொண்டு தொலைக்காட்சியின் முன் அமர்வது வேறு. வைதிகர் விதித்த விலக்கை நாம் ஏற்கமாட்டோம். வைத்தியர் விதிப்பதை ஏற்போம்.

ஆகவே ஒன்று போதும். அதையும் பிட்டுக் கொள்ளலாம். கத்தி வேண்டா. கத்தி பட்டால் பன் நசுங்கும். விரலுக்குத்தான் அது இழையிழையாகப் பிரிந்து கொடுக்கும். தேங்காய்ப் பன்னை நடுவிலிருந்து தொடங்குவோர் அவசரக்காரர், ஓரத்திலிருந்து தொடங்கவேண்டும். முதல் இரண்டு கடியில் வெறும் ரொட்டிதான் வரும். ஏமாந்துவிட்டோமோ என்று தோன்றும். மூன்றாவதில் துருவல் பல்லில் படும். மலாக்காச் சர்க்கரையின் கருநிறம் மாவில் ஊறிய இடம் ஒன்று உண்டு. பன்னிலேயே சிறந்த இடம் அது. அதை யாருக்குக் கொடுப்பது என்பதில் நமது வீட்டில் இன்றும் வழக்கு நடக்கிறது. காயாப் பன்னானால் அவ்வளவு வழக்கில்லை. எங்கே பிட்டாலும் ஒழுகும். சீனியில்லாத கறுப்புக் கோப்பி ஒரு குவளை பக்கத்தில் இருக்கட்டும். தொட்டுத் தின்பவர் தொட்டுக்கொள்க; நனைந்த துண்டு குவளைக்குள் விழுந்துவிடுமுன் வாயைக் கொண்டுபோவது அவரவர் சாமர்த்தியம்.